லோசானின் இரண்டாவது சாவு

அண்டை நாடான கிரீஸ் கேட்டபடி நாட்டின் பெயருக்கு முன்னால் ‘வட’ சேர்க்கலாமா என்று மாசிடோனியாவில் பொது வாக்கெடுப்பு வந்த மாதம், கால்நடை மருத்துவர் லோசான் ஊரின் இணையக் குழுவில் ஒரு வரி எழுதினார்: “நான் ஓட்டுப் போடத்தான் போறேன். பேரு மாறினா பசு பாலைக் குறைக்காது.”

வாக்கெடுப்பையே புறக்கணிக்கணும், வாக்குச்சாவடிக்குப் போகிறவனே துரோகி என்று ஊர் பேசிக்கொண்டிருந்த நேரம். அச்சகத்தில் வேலை பார்த்த ரோத்னா அன்று மதியமே அவருக்கு மரண அறிவிப்பு தயாரித்தாள். தெருக்கம்பங்களில் ஒட்டுவதற்காக அவள் வழக்கமாக அடிக்கிற அதே கறுப்புக் கட்டம், சிலுவை, நடுவில் அவர் படம். ‘நாட்டை விற்ற களைப்பில் காலமானார். தூக்க ஆள் வேண்டாம், பசுக்கள் போதும்.’ சிங்கத்தின் மகன் என்ற பொய்ப்பெயரில் அதைக் குழுவில் போட்டாள். நானூறு பேர் சிரித்தார்கள். நேரில் நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள் அந்த வாரம் முழுக்க மிதந்தாள்.

லோசான் போய் ஓட்டுப் போட்டார். ஓட்டுப் போட்ட பதினோராம் நாள் அவர் மனைவி மித்ரா அச்சகத்துக்கு வந்தாள்.

“அவர் போயிட்டார்மா. காலைல, தொழுவத்துல. அறிவிப்பு அடிக்கணும்.”

“படம் குடுங்கக்கா.”

“உங்கிட்டதான் இருக்கே. தடுப்பூசி நோட்டீசுக்குக் குடுத்தது. வேற யார்கிட்டயும் அந்தப் படம் இல்ல.”

ரோத்னா கணினியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“சண்டைக்கு வரல. எங்களுக்குப் பிள்ளைங்க இல்ல. நாளைக்கு ரெண்டு மணிக்கு அடக்கம், பெட்டியைத் தூக்க ஆறு பேர் வேணும். குழுவுல உன் பேர்லயே எழுதிடு. முன்னாடி போட்டது நான், இது நெசம்னு. அது போதும்.”

“சரிக்கா.”

ஆனால் குழுவில் அறிவிப்பை சிங்கத்தின் மகன் பெயரில்தான் போட்டாள். கீழே ‘இது உண்மை’ என்று சேர்த்தாள். கம்பங்களில் ஒட்டியதையும் அதே கேலி என்றே எடுத்துக்கொண்டு குழுவில் பதில் எழுதினார்கள்:

“மறுபடியுமா? போன தடவையே அழுது முடிச்சிட்டோமே.”

“செத்தப்புறம் எந்திரிச்சு வந்து ஓட்டுப் போட்ட மனுசன். நாளைக்கும் வருவார்.”

“படத்தையாவது மாத்துடா, சோம்பேறி.”

கசாப்புக் கடைக்காரர் மட்டும் கேட்டார்: “அச்சகத்து ரோத்னாவுக்குத் தெரியுமே. ஏம்மா, நெசமா?”

தன் பெயரில் ‘நெசம்தான்’ என்று அடித்தாள். அடுத்து, அப்போ முதலில் போட்டது யார் என்று கேட்பார்கள். அழித்தாள். சிரிக்கும் முகத்தை அழுத்தினாள்.

மறுநாள் இரண்டு மணிக்கு லோசான் கன்றுக்குட்டிகளை ஏற்றிப்போகிற வண்டி கடைத்தெரு வழியாகப் போனது. மித்ரா ஓட்டினாள். பின்னால் வைக்கோல்மேல் பெட்டி. கூட யாரும் இல்லை. கடைக்காரர்கள் வாசலுக்கு வந்தார்கள். ஒருவன் கைபேசியில் படம் பிடித்தான்.

“சிங்கத்தின் மகன் இந்தத் தடவை பெட்டியே செஞ்சிட்டான்டா,” என்றான்.