மேனேஜர் வருகிறார்

“முதுகுக்கு இன்னொரு தலகாணி வெய்யி. படுத்துக்கிட்டே இருந்தா மேனேஜரு என்னா நெனப்பாரு” என்றார் பக்கிரி.

கனகா ஒரு கையால் அவரைத் தாங்கிக்கொண்டு மறு கையால் போர்வையை இழுத்து மடித்தாள். வீட்டில் இருந்த இரண்டு தலையணையும் ஏற்கெனவே அவர் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தன. மடித்த போர்வையைச் சுவரோரம் செருகி அவரைச் சாய்த்தாள். கனக்கும் என்று நினைத்துத் தூக்கியவளுக்குக் கை சும்மா வந்தது. ஒரு காலத்தில் நாலு ஆள் சேர்ந்து இடித்தாலும் சாயாத உடம்பு.

“அவரு என்னா நெனக்கிறது? படுத்த படுக்கையா இருக்கீங்கன்னு சொல்லித்தான் தனக்கோடிய அனுப்பியிருக்கேன்.”

“படுத்த படுக்கைன்னா சொல்லச் சொன்ன?”

“பின்ன, பந்து ஆடிக்கிட்டு இருக்காருன்னா சொல்லச் சொல்றது?”

பக்கிரி சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல் இழுத்தது. கனகா நெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தாள். பீங்கான் கம்பெனியின் கல் பொடிக்கிற கொட்டகையில் ஒன்பது வருஷம் உட்கார்ந்து சலித்த வெள்ளைத் தூசு அந்த நெஞ்சுக்குள்தான் இருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ‘வூட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போங்கம்மா. வேண்டியவங்களுக்குச் சொல்லி அனுப்புங்க’ என்றும் சொன்னார்கள். யாருக்குச் சொல்லி அனுப்ப என்று நேற்று சாயங்காலம் அவள் கேட்டபோது, நல்லூரில் இருக்கிற பங்காளிகள் பேரை அவர் சொல்லவில்லை. ‘மேனேஜருக்கு’ என்றார்.

மேனேஜர் என்றால் பீங்கான் கம்பெனி மேனேஜர் இல்லை. அவரை எல்லாரும் ‘தொர’ என்றுதான் சொல்வார்கள். கோதண்டபாணி அங்கே ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர். கம்பெனி ஆட்கள் சேர்ந்து ஆடிய கால்பந்து டீமுக்கு அவர்தான் மேனேஜர். பந்துக்குக் காற்றடிப்பது, கம்பெனியில் வீணான வெள்ளை மண்ணை அள்ளி வந்து மைதானத்தில் கோடு போடுவது, எலுமிச்சம்பழம் நறுக்குவது எல்லாம் அவரே. மேட்ச் நாளன்று காலையிலேயே மண்ணெண்ணெய் டின்னைத் தட்டிக்கொண்டு கம்பெனி லைன் வீடுகள், ரயில்வே காலனி, கடைத்தெரு என்று ஒரு சுற்று வருவார். ‘வாங்கய்யா, வந்து சத்தம் போடுங்க. ஆளுங்க இல்லாட்டி பக்கிரி ஆட மாட்டான்’ என்பார். கேலிபோல் இருந்தாலும் அது நிஜம். காலி மைதானத்தில் பக்கிரி நட்ட கம்பம் மாதிரி நிற்பார். மைதானத்தை ஒட்டிய ரயில் மேட்டில் ஜனம் சேர்ந்து ‘பக்கிரி, வுடு’ என்று ஒரு குரல் கிளம்பிவிட்டால் வலது ஓரத்தில், ரைட் அவுட்டில், அவரைப் பிடிக்க ஆள் கிடையாது.

“கனகா.”

“ம்.”

“இன்னிக்கி அவரு வந்தா, நான் தூங்குறேன்னு சொல்லிடாத.”

நெஞ்சைத் தடவிய கை நின்றது. அவர் கோபமாகச் சொல்லவில்லை. மறந்துவிடாதே, விளக்கை ஏற்று என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னார்.

அறுபத்தைந்தாம் வருஷம் கடைசி ஆட்டத்தில் முட்டி திரும்பி, வெறும் கால் மடங்கி விழுந்தவரைக் கதவுப் பலகையில் வைத்துத்தான் வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோதண்டபாணி சாத்துக்குடிப் பையோடு வாசலில் வந்து நின்றார். கனகா கதவை முக்கால்வாசி மூடிக்கொண்டு நடுவில் நின்றாள். ‘தூங்குறாங்க’ என்றாள். ‘செரிம்மா, தூங்கட்டும்’ என்று பையைப் படியில் வைத்துவிட்டுப் போனார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். தூங்குறாங்க. அதற்கடுத்த ஞாயிறும். இந்த ஆள் உள்ளே வந்தால் மறுபடியும் பந்து பேச்சுதான் வரும், இன்னொரு காலும் போகும் என்று அவளுக்குப் பயம். பயத்தைவிடக் கோபம். அப்புறம் அவர் வரவில்லை. ஸ்டோர் வேலையும் முடிந்து மகள் வீட்டோடு பெண்ணாடத்துக்கே போய்விட்டார் என்று கேள்விப்பட்டபோது, அப்பாடா என்றுதான் இருந்தது.

“முழிச்சிருந்தீங்களா அப்ப?” என்றாள் கனகா.

“கால் வலியில எவன் தூங்குறான்?”

“அப்ப உள்ளேர்ந்து ஒரு கொரல் குடுத்திருக்கலாமில்ல?”

“குடுத்திருக்கலாம்.” மூச்சு வாங்கிக்கொண்டார். “நீ வாசல்ல நின்னு ஒண்ணு சொல்லுற. உள்ளேர்ந்து நான் ஒண்ணு சொன்னா ஒனக்கு என்னா மரியாத? செரி, கால் ஆறுனப்புறம் நாமளே போயிப் பாத்துக்கலாம்னு இருந்தேன். வாசப்படி வந்த மனுசனத் திருப்பி அனுப்பிட்டு, எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறதுன்னு அப்படியே பூடுச்சு.”

அவள் எழுந்து கஞ்சிக் கிண்ணத்தை அடுப்படியில் வைத்தாள். வைத்த கிண்ணத்தை மறுபடி எடுத்துக் கழுவினாள்.

வெயில் வாசலுக்கு ஏறும் நேரத்தில் தனக்கோடி வந்தான். கனகாவின் தம்பி. தனியாகத்தான் வந்தான்.

“எங்கடா அவரு?”

“வந்துட்டாருக்கா. ஒரே பஸ்ஸுலதான் வந்தோம். எறங்குனதும் நீ போ, நான் வரேன்னுட்டு கம்பெனி லைன் பக்கம் போயிட்டாரு.”

“அங்க என்னாடா வேல? இங்க உசுரு இழுத்துக்கிட்டு இருக்குது.”

“நானும் சொன்னேன். ‘வெறும் ஆளா நான் போயி நின்னா பக்கிரி கண்ணு தெறந்து பாக்க மாட்டான்டா, பழைய ஆளுங்க நாலு பேரக் கூட்டிக்கிட்டு வரேன்’னாரு. டீக்கடை பாவாடையக் கையப் புடிச்சு எழுப்பிட்டாரு. பாலு அடுப்புல இருக்குதுன்னாரு அவரு. எறக்கி வெச்சுட்டு வாய்யான்னுட்டாரு மேனேஜரு.”

“பாவாடை வராரா?” என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது.

“வராரு மாமா. லைன் வூட்டு ஆளுங்க, கம்பெனியில மண்ணு மிதிக்கிற ஆளுங்க, கூட்டமாத்தான் கெளம்புறாங்க.”

பக்கிரியின் முகத்தில் என்னவோ ஒன்று வந்து உட்கார்ந்தது. கனகா அதைப் பார்த்து எத்தனையோ வருஷமாயிற்று.

“கோல் விழுந்தா பாவாடை கடையில எல்லாத்துக்கும் டீ சும்மா. தெரியுமாடா ஒனக்கு? ஒரு மேட்ச்சுல மூணு கோலு போட்டுட்டேன். அவரு பொண்டாட்டி மைதானத்துக்கே வந்து, ‘போதும் நிறுத்துய்யா’ன்னு என்னயப் பாத்துத் திட்டுனா.” இருமினார். “நான் என்னா செஞ்சேன் அவங்களுக்கு? அவங்க கத்துனாங்க, நான் ஓடுனேன். கால் போனப்புறம் தெருவுல பாத்தாகூட தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போயிடுவேன். இன்னிக்கி ஒருத்தரொருத்தரா மூஞ்சியப் பாக்கணும்.”

“பேசாதீங்க. மூச்சு போவுது.”

“கனகா, காலக் கழுவி வுடு.”

“காலயா? இப்ப என்னாத்துக்கு?”

“அவரு வந்தா மொதல்ல காலத்தான் பாப்பாரு.”

தனக்கோடியை வழி பார்க்க முனைக்கு அனுப்பிவிட்டு, செம்பில் வெந்நீர் கொண்டுவந்து கால்மாட்டில் உட்கார்ந்தாள். வலது முட்டி கோணலாகவே கூடியிருந்தது. அந்தக் காலை நீட்டினால் பாதம் தானாக வெளிப்பக்கம் சாயும். அவள் விரல் விரலாகக் கழுவினாள்.

“மத்தவன் எல்லாம் அவனவனே கணுக்காலுக்குத் துணி சுத்திக்குவான்” என்றார் பக்கிரி. கண் மூடியிருந்தது. “எனக்கு மட்டும் அவரு கட்டுவாரு. தரையில குந்திக்கிட்டு, மடியில என் காலத் தூக்கி வெச்சுக்கிட்டு. எங்கப்பன்கூட என் காலத் தொட்டதில்ல. கட்டிட்டு, ‘இறுக்குதாடா’ன்னு கேப்பாரு. ஒவ்வொரு மேட்ச்சுக்கும் கேப்பாரு. ஒருநாளாவது பதிலு சொல்லியிருப்பேன்? அதுக்குள்ள மேட்டுல சனங்க கத்த ஆரம்பிச்சிடும். ரெண்டு தட்டு தட்டி, போடான்னுடுவாரு. ஓடிடுவேன்.”

“இன்னிக்கிச் சொல்லுங்க.”

“அதான் பாக்குறேன்.”

அவள் முந்தானையால் பாதத்தைத் துடைத்தாள்.

“சத்தம் கேக்குதா?”

“இன்னும் இல்லீங்க.”

“வந்தா கேக்கும்.”

இடது காலைத் துடைத்து முடித்து வலது காலைக் கையில் எடுத்தபோது, கால் திடீரென்று கனத்தது. காலையில் அந்த உடம்பில் இல்லாத கனம். அவள் தலை நிமிர்ந்து பார்த்தாள். பக்கிரியின் முகம் வாசல் பக்கம் திரும்பியிருந்தது. காது கொடுத்துக் கேட்கிறவர் முகம் போலவே இருந்தது. அதனால் கொஞ்ச நேரம் அவளும் சும்மா இருந்து, கூடவே கேட்டாள்.

பிறகு பக்கத்து வீட்டுத் திரௌபதி வந்தாள். அழுதாள். அழுதுகொண்டே வேலையும் பார்த்தாள். அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைத்தாள். தலைமாட்டைத் தெற்கே மாற்றி, விளக்கேற்றி, பழைய வேட்டியைக் கிழித்துத் தாடையைக் கட்டினாள். இன்னொரு கிழிசலை எடுத்துக் கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டினாள். கையை எடுத்ததும் கட்டு நழுவியது. வலது பாதம் தன்பாட்டுக்கு வெளியே சாய்ந்தது. மறுபடி கட்டினாள். மறுபடி சாய்ந்தது.

“இது என்னாடி கனகா, நிக்க மாட்டேங்குது. கொஞ்சம் அழுத்திப் புடி, இன்னும் இறுக்கிக் கட்டிப்புடறேன்.”

“வேணாங்க்கா. வலிக்கும்.”

திரௌபதி அவளைப் பார்த்துவிட்டுத் துணியைக் கீழே வைத்தாள்.

அப்போதுதான் தெருமுனையில் சத்தம் கேட்டது. நிறையப் பேர் ஒன்றாக நடந்து வரும் காலடிச் சத்தம். யாரோ ஒருவர் உரக்கச் சிரித்தார். ‘பாலு திரிஞ்சா நஷ்டம் பக்கிரிதான் தரணும்’ என்று பாவாடை குரல். இடையில் வீட்டுக்கு வந்து பார்த்திருந்த தனக்கோடி எதிரே தலையில் கையை வைத்துக்கொண்டு ஓடினான். அதோடு சிரிப்பு நின்றது. காலடிகளும் நின்றன.

கோதண்டபாணி மட்டும் வந்தார். முன்னைவிடக் கூனியிருந்தார். கையில் துணிப்பை. மேலே இரண்டு சாத்துக்குடி தெரிந்தது. வாசல்படிக்கு வெளியே, ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நின்ற அதே இடத்தில் நின்றார். இன்று கதவு ஒருக்களித்திருக்கவில்லை. ஆனாலும் அவர் உள்ளே வரவில்லை.

“இன்னிக்காவது முழிச்சிருப்பான்னு நெனச்சு வந்தேம்மா” என்றார்.

அதில் குத்தல் இருக்கிறதா என்று கனகா தேடினாள். இல்லை. இருந்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

“உள்ள வாங்க” என்றாள். “முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தாங்க.”

அவர் பையைப் படியில் வைக்கப் போனார். அவள் எழுந்து வந்து அதைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

“பஸ்ஸ வுட்டு எறங்குனதும் நேரா வந்திருக்கணும்” என்றார் கோதண்டபாணி, கட்டிலைப் பார்த்தபடி. “பழக்கம். கூட்டத்தச் சேக்காம அவங்கிட்டப் போயி நின்னதே இல்ல நான்.”

“கூட்டம் வருதுன்னு கேட்டாங்க. பாவாடை வராருன்னும் கேட்டாங்க. கேட்டுட்டுத்தான் போனாங்க.”

அவர் தலையாட்டினார். கட்டிலின் கால்மாட்டுக்குப் போய் நின்றார். கழுவித் துடைத்த பாதங்களையும், விலகிக் கிடந்த வலது காலையும், கீழே கிடந்த கிழிசலையும் பார்த்தார்.

“யாரு கட்டுனது?”

“நான்தாங்க” என்றாள் திரௌபதி. “நிக்கல.”

“நிக்காது. இந்த முட்டிய இழுத்து நேராக்க முடியாது. கீழ எதாச்சும் தாங்கல் குடுக்கணும்.”

தோளில் கிடந்த துண்டை எடுத்து நாலாக மடித்து முட்டிக்குக் கீழே வைத்தார். கட்டிலைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் குந்தினார். குந்துவதற்கு நேரமாயிற்று. இரண்டு பாதங்களையும் சேர்த்துத் தன் பக்கம் இழுத்து, துணியை விரலைச் சுற்றி ஒரு முறையும் குறுக்கே ஒரு முறையும் கொண்டுவந்து முடிச்சுப் போட்டார். கையை எடுத்தார். பாதம் சாயவில்லை.

“இறுக்குதாடா?” என்றார்.

கேட்ட பிறகுதான் தான் கேட்டது அவருக்கே தெரிந்தது போலிருந்தது. குனிந்த தலையை அவர் நிமிர்த்தவில்லை. திரௌபதி அழுகையை நிறுத்திவிட்டாள். வெளியே ஒரு சத்தமும் இல்லை.

“இல்லீங்க” என்றாள் கனகா. “செரியா இருக்குது.”

கோதண்டபாணி பாதத்தில் இரண்டு தட்டுத் தட்டினார்.

கனகா சாத்துக்குடிப் பையோடு வாசலுக்கு வந்தாள். வேலையிலிருந்து பாதியில் வந்தவர்கள் கணுக்கால்வரை காய்ந்த வெள்ளை மண்ணோடு தெருவின் இரண்டு ஓரத்திலும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். அத்தனை பேர் இருந்தும் ஒருவரும் நடுவில் காலை வைக்கவில்லை. மைதானத்துக்குக் கோடு போட்ட மாதிரி, நடுத்தெரு முழுக்கக் காலியாக இருந்தது.