நாலு மில்லி கம்பிக்கு ஒரு குறடு

1

இந்தக் கதையை நான் ஒட்டுக்கேட்டு எடுத்தேன். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்ததுபோல் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டாம்.

போன வருடத் தவக்காலம். கண்டோன்மென்ட் பக்கம் எங்கள் பழைய தேவாலயத்தில் பாவசங்கீர்த்தன வரிசையில் இரண்டாவது ஆளாக நின்றிருந்தேன். மரக்கூண்டில், இரும்புப் பட்டறை நடத்தும் கேத்தரின் முழங்காலிட்டு, சாமியாரிடம் தன் பாவத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். இருபது வருடம் சுத்தியல் சத்தத்தில் இருந்தவளுக்குக் குசுகுசுவென்று பேச வராது. கனமான வெல்வெட் திரைதான் அவள் குரலை மறைத்தது. அதைத் தாங்கிய, கடையில் வாங்கிய கொக்கிகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. திரை சரிந்தது.

"அன்னிக்கு அவரு கதவத் தட்டனப்போ, சாமி, நான்—"

எழுந்து போய்விட்டாள். மீதியைப் பங்கு மக்கள் முடித்துக்கொடுத்தார்கள். வரிசையின் முதல் ஆள், பங்குப்பேரவைச் செயலாளர் ரெமிஜியஸ், கண் காது மூக்கு வைத்து மூன்று விதமாகப் பரப்பினார். கதவைத் தட்டியது செத்துப்போன அவள் புருஷன் என்பது ஒன்று. வேறொரு ஆள் என்பது இன்னொன்று. மூன்றாவதை எழுத மாட்டேன். (எழுதியிருந்தேன். நன்றாகவே வந்திருந்தது. அடித்துவிட்டேன்.)

2

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: "நெருப்பின் செந்நாவுகள் அவள் முகத்தில் கோலமிட—"

வேண்டாம். உலை முன்னால் நிற்பவள் முகத்தில் வியர்வைதான் இருக்கும்.

இரண்டாவது வரைவில் அவளைச் சிலுவைக்கு மூன்று ஆணி அடிக்க வைத்தேன். மூன்று ஆணி என்றதும் எனக்கு வாயில் எச்சில் ஊறியது. எழுத்தாளன் புத்தி அவ்வளவுதான். நிஜத்தில் அவள் செய்தது திரைக்கொக்கி.

நீலசந்திராவில் அவளுக்கு ஒரு பட்டறை. கட்டட வேலைக்காரர்களின் உளியையும் கடப்பாரையையும் காய்ச்சி முனை தட்டிக் கொடுப்பாள். ஒரு வருடமாகக் கூண்டுப் பக்கம் போகவில்லை. சொல்லி முடிக்காத அந்த வாக்கியம் நெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தது. சோறு இறங்கவில்லை. (எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. ஆனால் ஆள் பாதியாகியிருந்தாள். அது ஊருக்கே தெரியும்.) இந்தப் பெரிய வியாழனுக்குள் அதைச் சொல்லி இறக்கி வைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தாள். அதற்கு முதலில் விழாத திரை வேண்டும். இரட்டைத் துணியாகவே தைக்கச் சொன்னாள்.

"கொக்கி ஆன்லைன்ல ரெடிமேடா கிடைக்குதும்மா. எதுக்கு உனக்கு இந்தத் தலைவலி?" என்றார் ரெமிஜியஸ்.

"பேடாண்ணே, வேணாம். போன வாட்டி விழுந்ததும் ரெடிமேடுதான். நானே அடிச்சுத் தரேன். அதுவும் நிமிந்துச்சுன்னா, அப்புறம் நீங்க என்ன கதை வேணா கட்டுங்க."

3

இருபத்து நான்கு கொக்கிகள். நாலு மில்லி ஸ்பிரிங் கம்பி. காய்ச்சாமல் வளைத்தால் முறியும்.

பட்டறைச் சுவரில் ஏழு குறடுகள் தொங்கின. ஏழும் உளி பிடிப்பதற்கானவை. வாயை முழுக்க மூடினாலும் நடுவில் சுண்டுவிரல் போகும். சிவந்த கம்பி அதில் நிற்காமல் நழுவி அவள் செருப்பில் ஓட்டை போட்டது. கட்டிங் பிளேயரை எடுத்தாள். கைப்பிடி குட்டை; பிளாஸ்டிக் உறை உருகி விரலில் ஒட்டிக்கொண்டது.

இங்கேதான் நான் கதைக்குள் வருகிறேன், உபகாரம் செய்ய.* வெளிநாட்டுக் குறடு ஒன்றை வரவழைத்துக் கொண்டுபோய் நீட்டினேன். கம்பியைக் கச்சிதமாகத்தான் கவ்வியது. ஆனால் உலையிலிருந்து, வைத்து அடிக்கும் பட்டடைக்கு வருவதற்குள் கம்பி கறுத்துவிட்டது.

"எறும்பப் புடிக்க ஜேசிபி கொண்டாந்துருக்கீங்க சார். இவ்ளோ கனமான வாயி, கம்பியோட சூட்டையெல்லாம் குடிச்சிடுது. கையும் கடுக்குது. நீங்களே வச்சிக்கோங்க, எழுதறதுக்கு ஆகும்."

ஆகிறது, பாருங்கள்.

* உபகாரம் இல்லை. பக்கத்தில் நின்றால் மீதி வாக்கியம் வாயிலிருந்து விழும் என்ற நப்பாசை.

4

தானே ஒன்று செய்தாள். பத்து மில்லி கம்பியில் இரண்டு துண்டு. ஒடுக்கமான சின்ன வாய், நடுவில் ரிவெட், மெலிந்து நீளும் கைப்பிடிகள். வாயின் உள்ளே முக்கோண அரத்தால் நீளவாக்கில் ஒரு பள்ளம் போட்டாள். உருண்டைக் கம்பி உருளாமல் அதில் படுத்துக்கொள்ளும்.

அதுவும் தேறவில்லை. இருபது வருடம் உளி பிடித்த கை, வாயில் உளி இருப்பதாகவே நினைத்துக் கைப்பிடிகளை வளைத்துவிட்டது. அழுத்தினால், வாய் கம்பியைக் கவ்வும் முன்பே கைப்பிடிகள் இரண்டும் முட்டிக்கொண்டன.

எனக்கு ஒரே குஷி. "பாருங்க கேத்தரின், பழக்கம்ங்கறது மனுஷனோட—"

"சார், அந்தத் தண்ணித் தொட்டிய இப்படித் தள்ளுங்க."

தள்ளினேன். குறட்டின் வாயைச் சிவக்கக் காய்ச்சினாள். அதே நாலு மில்லி கம்பியை உள்ளே வைத்து, அதன் மேலேயே தட்டி மூடினாள். கைப்பிடிகளை உள்ளங்கை நிறைகிற அளவுக்கு விரித்தாள். திறந்து மூடிக்கொண்டே தண்ணீரில் முக்கினாள். அசைக்காமல் முக்கினால் ரிவெட் இறுகிவிடுமாம். பிறகு கம்பியைக் கவ்வி என் முன்னால் நீட்டி, "இழுங்க" என்றாள்.

இரண்டு கையாலும் இழுத்தேன். வரவில்லை. அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். எனக்கும் சந்தோஷமாக இருந்தது, அதற்கு ஒரு உவமையும் தோன்றவில்லை.

கொக்கிகள் முடிந்ததும் ஒவ்வொன்றிலும் ஒரு கடப்பாரையைத் தொங்கவிட்டாள். ஒன்றுகூட நிமிரவில்லை.

5

முடிவு அ: ஒரு கொக்கி முறிகிறது, திரை விழுகிறது, முழு வாக்கியமும் நமக்குக் கேட்கிறது. உங்களுக்கும் இதுதான் வேண்டும், நடிக்காதீர்கள். ஆனால் அந்தக் குறடு உருவானதை நான் பார்த்துவிட்டேன். அதில் பிடித்து அடித்த கொக்கி முறியாது. கதைக்காக முறித்தால் எனக்கும் ரெமிஜியஸுக்கும் வித்தியாசம் இல்லை.

முடிவு ஆ: அவளே வந்து என்னிடம்—

எதற்குச் சொல்வாள்? நான் யார்?

நடந்தது இது. குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தைய சனிக்கிழமை. அவள் உள்ளே போய்த் திரையை இழுத்தாள். இருபத்து நான்கு கொக்கிகளும் கம்பியில் சரசரவென்று ஓடி நின்றன. வெகுநேரம் ஒரு முனகல் மட்டும் வந்தது. ரெமிஜியஸ் திரும்பினார்.

"உனக்கு ஏதாச்சும் கேக்குதா?"

"இல்லண்ணே," என்றேன், கழுத்தை இன்னும் கொஞ்சம் நீட்டி.

வெளியே வந்தபோது அவள் முகம் வீங்கியிருந்தது. நடை லேசாக இருந்தது. ஒரு கொக்கியை விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு ரெமிஜியஸிடம் சொன்னாள்:

"போங்கண்ணே, அடுத்து நீங்க. தைரியமாச் சொல்லுங்க. விழாது."

அவர் போகவில்லை. பின்னால் நின்ற எனக்குக் கைகாட்டினார். நானும் போகவில்லை.

அந்த வாக்கியத்தை முடித்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வாருங்கள். ரெமிஜியஸ் முதலில் நிற்கிறார், நான் இரண்டாவது. எனக்குப் பின்னால் நிறைய இடம் இருக்கிறது.