படுத்தால் மறையும் வீக்கம்

வனஜா ஈஜிபுராவில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் சமையல் செய்தாள். கணவன் இறந்தபின் அவளும் மகள் மகாவும் மட்டும்தான். ஒற்றை அறை வாடகை வீடு. மகாவுக்கு ஒரு கால் சென்டரில் வேலை.

மழைக்காலம் தொடங்கியபோது அம்மாவிடம் ஏதோ மாறியிருப்பதை மகா கவனித்தாள். புடவையை இறுக்கிக் கட்டுவதில்லை. நடக்கும்போது வலது கை அடிவயிற்றின் ஓரத்தை அணைத்தபடியே இருந்தது. சில காலைகளில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் வாந்தி எடுத்தாள். ஹாஸ்டலுக்குக் காய்கறி கொண்டுவரும் வேன் டிரைவர் மைக்கேல்ராஜ் அவளை அடிக்கடி தெருமுனையில் இறக்கிவிட்டுப் போவதாக மாடிவீட்டு ராதா சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு மகாவின் மண்டைக்குள் ஏறிக்கொண்டது.

“வயித்துல இன்னாமா?” என்று ஒருநாள் கேட்டாள்.

“ஒண்ணுமில்லடி. கேஸு.”

“கேஸுக்கு எதுக்கு கைய வச்சு மறைக்கிற? அந்த ஆளு வண்டியில எதுக்கு வர? எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சியா?”

மகள் என்ன சொல்கிறாள் என்பது வனஜாவுக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. புரிந்ததும் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதை மகா ஒப்புதலாக எடுத்துக்கொண்டாள்.

வனஜா ஏற்கெனவே இரண்டு கிளினிக்குகளுக்குத் தனியாகப் போய்வந்திருந்தாள். நின்றால் வலப்பக்கம் எலுமிச்சை அளவுக்குப் புடைக்கும், படுத்தால் போய்விடும். இரண்டு டாக்டர்களும் படுக்கவைத்து அழுத்திப் பார்த்தார்கள். கைக்கு ஒன்றும் அகப்படவில்லை. கேஸ் மாத்திரை கொடுத்தார்கள். இரண்டாமவர், “மனசுல ஏதாவது கவலையா?” என்று கேட்டார். இல்லாத நோயைச் சொல்லிக்கொண்டு திரிபவள் என்று நினைத்திருப்பார் என வனஜா கூசிப்போனாள். அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. மகள் கத்திய நாளிலிருந்து வேனிலும் ஏறவில்லை. பையைச் சுமந்துகொண்டு நடந்தே வந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வலி தாங்காமல் தரையில் சுருண்டாள். வயிறு உப்பியிருந்தது. வாந்தி பச்சையாக வந்தது. மகா ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

அவசரப் பிரிவில் டியூட்டி டாக்டர் விசாரிக்க ஆரம்பித்ததுமே மகா சொன்னாள்: “எதுக்கும் பிரெக்னன்சி டெஸ்ட் பண்ணிடுங்க மேடம். எனக்கு டவுட்டு இருக்கு.”

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வனஜா கண்ணை மூடி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள்.

“அது எல்லா லேடீஸுக்கும் பண்றதுதான். நீங்க சொல்லணும்னு இல்ல” என்றார் டாக்டர்.

சோதனையில் கர்ப்பம் இல்லை என்று வந்தது. மகா நிம்மதிப்படக்கூட வெட்கப்பட்டாள்.

சர்ஜன் ஹெலன் வந்தார். “எங்க ஆரம்பிச்சுதுன்னு ஒரு விரலால காட்டுங்கம்மா” என்றார். தொப்புளுக்குக் கீழே, வலது ஓரமாக, வனஜா தொட்டுக் காட்டினாள். அங்கே அழுத்தியதும் அலறினாள்.

“எப்பவும் இருக்குமா, வந்து வந்து போகுமா?”

“நின்னா வரும், படுத்தா போயிடும். ரெண்டு எடத்துல காட்டினேன் மேடம். ஒண்ணுமில்லன்னாங்க.”

“படுக்கவச்சு மட்டும் பாத்திருப்பாங்க” என்றார் ஹெலன். “உங்க மேல தப்பில்ல.”

ஸ்கேன் பார்த்துவிட்டு மகாவைத் தனியாக அழைத்தார். “ஹெர்னியா. ஆனா வழக்கமா வர்ற எடம் இல்ல. தொப்புளுக்குக் கீழ பக்கவாட்டுல, வயித்துத் தசையோட உள் அடுக்கு விலகியிருக்கு. மேல் அடுக்கு மூடியிருக்கிறதால வெளிய சரியாத் தெரியாது. ஸ்பைஜீலியன்னு சொல்வோம், அபூர்வம். அந்தச் சின்ன ஓட்டைல குடல் மாட்டிக்கிச்சு. உடனே ஆபரேஷன் பண்ணணும். குடல் அழுகியிருந்தா அந்தத் துண்டை எடுக்கவேண்டி வரும்.”

மகா தலையாட்டினாள்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலுக்கு மைக்கேல்ராஜ் வந்தார். நரைத்த தலை. ஹாஸ்டலில் சொல்லி அனுப்பினார்கள் என்றார்.

“அக்காவால மூட்டை தூக்க முடியலம்மா. தூக்கினா அப்படியே நின்னுடுவாங்க. அதனாலதான் வண்டியில ஏத்திப்பேன். கொஞ்ச நாளா கூப்பிட்டாலும் வரல. நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனாம்மா?”

“இல்ல அண்ணே” என்றாள் மகா. அதற்குமேல் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குடல் கறுத்துத்தான் இருந்தது. விடுவித்து, வெந்நீர்த் துணி போட்டுக் காத்திருந்தபோது மெல்ல நிறம் திரும்பியது. வெட்ட வேண்டியிருக்கவில்லை. விலகிய தசையைத் தைத்து, மேலே செயற்கை வலை வைத்து மூடினார்கள். இன்னும் தாமதமாகியிருந்தால் கதை வேறு என்றார் ஹெலன்.

வார்டில் வனஜா தெளிவாகப் பேச ஆரம்பித்த அன்று மகா அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “என்ன மன்னிச்சுடுமா.”

“வுடுடி. எல்லாரும் பாக்கறாங்க.”

“நான் அப்பவே ஒழுங்கா கேட்டிருக்கணும்.”

“நீ எங்க கேட்ட? முடிவு பண்ணிட்டுல்ல வந்த.” வனஜா கோபமாகச் சொல்லவில்லை. “அத்தனை பேரு எதுர்ல சொன்னியே, அதான் இன்னும் மனசுல நிக்குது. வலியைக்கூட மறந்துட்டேன்.”

வீட்டுக்கு வந்தபின் மகா லீவு போட்டுச் சமைத்தாள், தண்ணீர் பிடித்தாள், மாத்திரை கொடுத்தாள். வனஜா அவளோடு சாதாரணமாகத்தான் பேசினாள். டிவி பார்த்துச் சிரித்தாள். கூட்டில் உப்பு குறைவு என்று குறை சொன்னாள். ஒன்று மட்டும் மாறிவிட்டது. அந்த ஒற்றை அறையில் இத்தனை வருடமும் மகளுக்கு எதிரேதான் புடவை மாற்றுவாள். இப்போது மாற்றுப் புடவையை எடுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துப் பாத்ரூமுக்குப் போய் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறாள். குனிய முடியாமல் அவள் முனகுவது வெளியே கேட்கும்.

“நான் வரட்டுமாமா?”

“வேணாம். ஆயிடுச்சு.”

மகா கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருப்பாள்.