செவந்தி வாசிப்பாள்

கீரமங்கலத்துக்குப் பக்கத்தில், பூக்கொல்லைகளுக்கு நடுவே இருக்கிற அந்தச் சின்னச் சபையில் பாஸ்டர் நாகராசு பிரசங்கம் செய்வார், செவந்தி வாசிப்பாள். பதினோரு வருஷமாக அப்படித்தான். அவர் கதையைத் தொடங்கிவிட்டு, அதிகார எண்ணைச் சொல்வார். அவள் எழுந்து கணீரென்று வசனத்தை வாசிப்பாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போவார்.

போன ஐப்பசியில் அவருக்கு லேசாகப் பக்கவாதம் வந்தது. கை கால் தேறிவிட்டது, பேச்சும் வந்துவிட்டது. பாழாய்ப்போன எண்கள் மட்டும் திரும்பி வரவில்லை. ஐந்தை நினைத்து ஒன்பது என்பார், தப்பென்று அவருக்கே தெரியாது. செவந்தி என்ன செய்வாள்? எந்த எண்ணைச் சொன்னாலும், அவர் பேசவந்தது எதுவோ அதையே வாசித்தாள். எட்டு மாசம் ஈ காக்கைக்குத் தெரியாமல் சமாளித்துவிட்டதில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட.

அந்தப் பெருமைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வினை வந்தது. திருச்சியிலிருந்து சபைக் கண்காணிப்பாளர் பிரவீன்குமார் கார் போட்டுக்கொண்டு வந்தார். பாஸ்டரால் இனி முடியுமா, இல்லை ஓய்வு கொடுத்து வேறு ஆளைப் போடுவதா என்று பார்க்க வந்ததாக அவரே மறைக்காமல் சொன்னார். நல்ல மனுஷன்தான். ஆனால் வேதத்தை மடியில் விரித்து, பக்கத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். செவந்தியின் கண் அந்த விரலைவிட்டு நகரவில்லை.

நாலு பேர் ஒரு திமிர்வாதக்காரனைச் சுமந்துவந்து, கூரையைப் பிரித்து இயேசுவின் முன்னால் இறக்கிய கதையைத்தான் நாகராசு அன்றைக்கு எடுத்தார். அது மாற்கு இரண்டாம் அதிகாரம்.

“மாற்கு பன்னெண்டு. வாசிம்மா,” என்றார்.

கண்காணிப்பாளரின் விரல் பன்னிரண்டில் போய் நின்றது. செவந்தி எழுந்தாள். பன்னிரண்டை வாசித்தால் சபை நடுவே பாஸ்டர் திகைத்து நிற்பார். இரண்டை வாசித்தால் எட்டு மாசக் குட்டு உடையும். எதுவானாலும் போவது அவருடைய ஊழியம்தான். அவரைப் பார்த்தாள். இவள் வாசித்துவிடுவாள் என்ற நிம்மதியில் அவர் காத்திருந்தார். வருவது வரட்டும் என்று இரண்டையே வாசித்தாள்.

கண்காணிப்பாளர் குழம்பிப்போய், பக்கத்தில் இருந்த பூக்கடை செல்லமுத்துவின் புத்தகத்தை எட்டிப் பார்த்தார். இரண்டாம் அதிகாரம். முன்வரிசையில் பார்த்தார், அங்கேயும் இரண்டு. சபையில் ஒருவர்கூடப் பன்னிரண்டுக்குப் போயிருக்கவில்லை.

ஆராதனை முடிந்து, எத்தனை நாளாக இப்படி என்று செல்லமுத்துவிடம் மெதுவாகக் கேட்டார். பின்னால் செவந்தி நிற்பதை இருவருமே பார்க்கவில்லை.

“எட்டு மாசமாங்கய்யா. ஆனா எங்களுக்குத் தெரியும்னு செவந்திக்குத் தெரிய வேணாம். பாவம், வருத்தப்படும்.”

செவந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கண்காணிப்பாளர் பாஸ்டரின் தோளில் கைபோட்டு விஷயத்தைப் பக்குவமாகச் சொன்னார். ஓய்வு வேண்டாம், ஒளிவும் வேண்டாம் என்றார். நாகராசு செவந்தியைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“கதைய நான் சொல்றேன்மா,” என்றார். “நம்பர இனிமே நீயே சொல்லிரு.”

அடுத்த ஞாயிறு அவர் கதையைத் தொடங்கிவிட்டு அவளைப் பார்த்தார். செவந்தி எண்ணைச் சொன்னாள். எட்டு மாசத்துக்கப்புறம் முதல் தடவையாக, செல்லமுத்து எண்ணைக் கேட்டுவிட்டுப் பக்கத்தைப் புரட்டினான்.