பாதியில் நின்ற கேள்வி

தம்பி ஹெதியின் உதடுகளை ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டு, மன்னூபியா அவர் காதருகே குனிந்து மறுபடியும் கலிமாவைச் சொன்னாள். இந்த முறை ஹெதி திருப்பிச் சொன்னார். குரல் கம்மியிருந்தாலும் ஒரு சொல்லும் விழவில்லை. மன்னூபியா நிமிர்ந்து, வாயில் விரலை வைத்து, அருகில் நின்ற ஹெதியின் மகள் ஒல்ஃபாவை அடக்கினாள்.

சாகும் தறுவாயில், இறைவன் ஒருவனே என்று சாட்சி சொல்லும் கலிமாவைச் சொல்லி முடித்தவரிடம் அதற்குமேல் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. வேறு ஏதாவது பேசிவிட்டால் அதுவே கடைசி வார்த்தையாகிவிடும். மறுபடியும் முதலிலிருந்து சொல்லவைக்க வேண்டும். ஸ்ஃபாக்ஸ் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த இந்த விஷயம், அந்த நேரம் பார்த்து ஒல்ஃபாவுக்கு மறந்துபோனது.

“பாபா, தண்ணி வேணுமா?” என்று கேட்டுவிட்டாள்.

ஹெதி கண்ணைத் திறந்தார். “அந்தப் பூநாரை... ஏன்னு நீ சொல்லவே இல்லயே.”

“கெடுத்தியேடி பாவி!” மன்னூபியா தலையில் அடித்துக்கொண்டாள். “சுத்தமா சொல்லி முடிச்சிருந்தான். இப்ப அவன் வாயில பறவை வந்து நிக்குது!”

ஹெதி படுக்கையில் விழுந்ததிலிருந்து அப்பாவுக்கும் மகளுக்கும் இதுதான் பொழுதுபோக்கு. ஒல்ஃபா போனில் ‘ஏன்’ என்று மட்டும் தட்டுவாள். மீதியைத் தேடல் பெட்டியே எடுத்துக் கொடுக்கும். பூனை ஏன் வெள்ளரிக்காயைக் கண்டு மிரள்கிறது, தண்ணீரில் ஊறினால் விரல் ஏன் சுருங்குகிறது என்று, எங்கோ எவனோ வேலைவெட்டி இல்லாமல் கேட்டதெல்லாம் வந்து நிற்கும். ஹெதி ஒன்றைப் பொறுக்கி, பதில் இதுதான் என்று அடித்துப் பேசுவார். ஒரு தடவையும் சரியாக இருந்ததில்லை. அன்று காலை, பூநாரை ஏன் ஒற்றைக் காலில் நிற்கிறது என்று வந்தது. “ஆயுசு பூரா உப்பளத்துல அதுங்க நடுவுலதான உப்பு வாரினேன். ஒரு நாளும் கேக்கத் தோணலயே!” என்று சிரித்தவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. பதிலைப் பார்க்க நேரமில்லாமல் போயிற்று.

ஒல்ஃபா போனை எடுத்தாள். அத்தை அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“வேணாம். நீ பதில் சொன்னா அவன் இன்னும் பேசுவான். இருக்கிற மூச்சு கலிமாவுக்கு வேணும்.”

“கலிமாவும் சொல்லுவாரு அத்தே. இதைப் பாதியில விட்டுட்டு அவரை நான் அனுப்ப மாட்டேன்.”

“அங்க போயி பறவைக் கதை பேசப்போறானா?”

“கேட்டது அவரு. சொல்ல வேண்டியது நான். கையை விடுங்க.”

குரல் உயரவில்லை. ஆனால் அத்தையிடம் அவள் இப்படிப் பேசியதே இல்லை. மன்னூபியா கையை விட்டாள்.

“ஒத்தைக் கால்ல நிக்கிறதுதான் அதுக்குச் சுலபமாம் பாபா. பலமே போட வேணாமாம்.” அடுத்த வரியில் தயங்கினாள். அதையும் விட மனமில்லை. “செத்த பறவையைக்கூட ஒத்தைக் கால்ல நிக்க வைக்கலாமாம். ரெண்டு கால்லதான் நிக்காதாம்.”

“அட!” என்றார் ஹெதி.

மன்னூபியா உடனே குனிந்து கலிமாவைச் சொன்னாள். உதடு அசையவில்லை. திரும்பச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. ஒல்ஃபா மறுபக்கக் காதில் தொடர்ந்தாள். அப்பாவின் மார்பு ஏறி இறங்கியது, பிறகு ஏறவில்லை. அவள் நிறுத்தவில்லை. அத்தை தோளைத் தொட்ட பிறகுதான் நிறுத்தினாள். அப்பாவின் கடைசி வார்த்தையைத் தானே பறித்துவிட்டோம் என்று அவளுக்குப் பட்டது.

வாசலில் பக்கத்து வீட்டு தாஹர் நின்றார். எல்லோரும் முதலில் கேட்பதையே அவரும் கேட்டார். “கலிமா சொன்னாரா?”

மறைக்கக் கூடாது என்று ஒல்ஃபா எழுந்தாள். “நான்தான்...”

“சொன்னான்” என்றாள் மன்னூபியா. “ஒரு எழுத்து விழாம சொன்னான். என் காதால கேட்டேன். போயி குழிக்கு ஏற்பாடு பண்ணுங்க.”

தாஹர் இறைவனைப் புகழ்ந்துவிட்டுப் போனார். ஹெதியின் வாய் அந்த ‘அட’வில் திறந்தபடியே இருந்தது. மன்னூபியா தன் தலைத்துணியின் ஓரத்தைக் கிழித்தாள்.

“தலையைத் தூக்கிப் பிடிடி.”

தாடையைச் சுற்றிக் கட்டி, உச்சியில் முடிச்சுப் போட்டாள். வாய் இறுக மூடிக்கொண்டது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு முடிச்சை அவிழ்த்து, உதடுகள் லேசாகப் பிரியும்படி சற்றுத் தளர்த்திக் கட்டினாள்.