ஐந்தரை மீட்டர் பனியன் துணி

அவள் படுத்துத் தூங்கி நாற்பத்தொரு நாள் ஆகிவிட்டது. தூங்கவே இல்லை என்று சொன்னால் அது பொய். நாற்காலியில் சாய்ந்து தூங்கியிருக்கிறாள். சுவரில் தலையை முட்டுக்கொடுத்துத் தூங்கியிருக்கிறாள். ஒருமுறை சமையலறையில் தண்ணீர் கொதிப்பதற்குள் நின்றபடியே ஒரு கனவுகூடக் கண்டுவிட்டாள். முதுகைக் கட்டிலில் வைத்து, காலை நீட்டி, நினைத்த பக்கம் புரண்டு படுக்கிற தூக்கம் மட்டும்தான் வாய்க்கவில்லை. புரள முடியாதபடி அவள் மார்பின் மேல் நாலு கிலோவுக்குச் சற்றுக் குறைவான ஒரு ஜீவன் குடியிருந்தது.

வீட்டில் அதற்கு மேனேஜர் என்று பெயர். வைத்தவர் அப்பாக்காரர். பிறந்த மூன்றாம் நாள் பெண் நெற்றியைச் சுருக்கி அவரை மேலும் கீழும் பார்த்த பார்வையில், இருபது வருடமாகச் சொந்தத் தையல்கடை வைத்திருக்கும் மனிதருக்கே வேலை போய்விடுமோ என்று பயம் வந்துவிட்டதாம். மேனேஜர் தொட்டிலில் தூங்கமாட்டார். மெத்தையில் தூங்கமாட்டார். கையில் வைத்து ஆட்டினால் இரண்டு நிமிடம் கண்ணை மூடி நம்பவைத்துவிட்டு, மூன்றாவது நிமிடம் ஊரைக் கூட்டுவார். அவர் தூங்க ஒப்புக்கொண்ட ஒரே இடம் அந்தத் துணி.

துணியைக் கொண்டுவந்தது கேஷியர் அக்கா. மருந்துக்கடையில் இவள் மருந்து எடுத்துக் கொடுப்பாள், பக்கத்து மேசையில் அவர் பில் போடுவார். குழந்தைக்கு ஒன்பது நாளானபோது பார்க்க வந்தவர், பையிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு துணியை உருவ ஆரம்பித்தார். உருவ உருவ வந்துகொண்டே இருந்தது. மொத்தம் ஐந்தரை மீட்டர், பனியன் துணி மாதிரி மெத்தென்று, இழுத்தால் நீளுகிற துணி.

"நடுப்பாகம் நெஞ்சுல. ரெண்டு முனையும் முதுகுக்குப் பின்னால குறுக்கப் போயி தோள் வழியா முன்னால வரணும். திரும்பச் சுத்தி முடிச்சு. பாப்பாவோட மூக்கு எப்பவும் வெளிய தெரியணும். நெத்தி உன் உதட்டுக்கு எட்டணும். அவ்வளவுதான்டி" என்றார் அக்கா.

அவ்வளவுதான் என்று சொன்னது எத்தனை பெரிய பொய் என்பது முதல் நாலு நாளில் தெரிந்தது. முதல் தடவை கட்டியபோது குழந்தை இடுப்புக்கு இறங்கிவிட்டது. இரண்டாவது தடவை அவளுக்கே மூச்சு முட்டியது. ஐந்தாம் நாள் சரியாக விழுந்தது. மேனேஜர் தவளை மாதிரி காலை மடக்கிக்கொண்டு, கன்னத்தை அவள் நெஞ்சில் ஒட்டி, ஒரு பெருமூச்சு விட்டுத் தூங்கிப்போனார். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு கையும் காலியாக இருந்தன. அந்தக் கையால் முதலில் தலை வாரினாள்.

துணி வந்த நாளிலிருந்து ஒருவருக்கு மட்டும் நிம்மதி போய்விட்டது. தையல்காரருக்கு. கட்டி முடித்த பிறகும் இரண்டு முனையும் அவள் முழங்காலுக்குக் கீழே வால் மாதிரி தொங்கும். கட்டும்போதோ தரையெல்லாம் பெருக்கும். குளியலறை வாசலில் நனையும், கதவிடுக்கில் மாட்டும். துணி தரையில் இழுபட்டால் அவருக்குத் தன்னையே யாரோ இழுத்துக்கொண்டு போவதுபோல் இருக்கும்.

"யாருக்கு அளவெடுத்தான் இத? யானைக்கா?" என்பார்.

"உங்களுக்கு என்னங்க வந்துச்சு? எனக்கு ஒண்ணும் கஷ்டமா இல்ல."

"எனக்குக் கஷ்டமா இருக்கும்மா."

கீழே கடை, மேலே வீடு. மாடிப்படியில் ஒருநாள் வால் காலில் சிக்கி அவள் தடுமாறிவிட்டாள். விழவில்லை, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். தையல்காரருக்கு அதுவே போதுமாக இருந்தது. மறுநாள் காலை கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து, துணியோடு நின்றவளை இடுப்பு, முதுகு, தோள் என்று ஒரு சுற்று அளந்தார். ஏதோ கிண்டல் செய்கிறார் என்று நினைத்தாள். அவள் குளித்துவிட்டு வருவதற்குள் கத்தரி போட்டு, ஓரம் அடித்து, மடித்துக் கட்டிலில் வைத்திருந்தார். கட்டிப் பார்த்தாள். அளவு கச்சிதம். ஒரே முடிச்சு, முடிச்சுக்கு அப்பால் நாலு விரல் துணி. வாலும் இல்லை, வம்பும் இல்லை. வெட்டியெடுத்த ஒன்றேகால் மீட்டரில் மேனேஜருக்கு நாலு தொப்பியும், கடையில் ஊசி குத்தி வைக்க ஒரு சின்னத் திண்டும் தைத்துவிட்டார். மனிதர் துணியை வீணாக்கமாட்டார்.

அன்றைக்கு அவள் அவரைப் பாராட்டவும் செய்தாள். வயிற்றெரிச்சல் அதுதான்.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குத் துவைத்த குழந்தைத் துணிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு இருக்க வேண்டும். ஏழு வரைக்கும் வந்தாள். அப்புறம் ஆறு வந்தது. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள். ஐந்துக்கு அப்புறம் என்ன என்று யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். கை அப்படியே நின்றுவிட்டது.

திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போக வேண்டும். முதல் மாதம் மதியம் வரைக்கும்தான். அவள் மதியம் வரும்வரை குழந்தையை அவர் பார்த்துக்கொள்வது என்று பிரசவத்துக்கு முன்பே பேசிவைத்தது. "வீட்டுலயேதான இருக்கேன், நான் பாத்துக்கறேன், நீ கவலப்படாத" என்று அவரே திருவாய் மலர்ந்தது. மருந்துக்கடையில் அவள் வேலையே எண்ணுவதுதான். பத்து மாத்திரை கேட்டவருக்குப் பத்து, அரை மாத்திரை சாப்பிடுகிற கிழவருக்கு அரை. ஏழுக்குப் பிறகு ஆறு வருகிற ஒருத்தி அந்த மேசைக்குப் பின்னால் நின்றால் யார் வீட்டிலாவது விபரீதம் நடக்கும். இன்றும் நாளையும் தூங்கியே ஆக வேண்டும். படுத்து.

துணியோடும் மேனேஜரோடும் கீழே இறங்கினாள். கடையில் தையல்காரர் தலையை நிமிர்த்தவில்லை. காவலாளிகளை வேலைக்கு அனுப்பும் ஒரு கம்பெனிக்கு இருபது பேண்ட். சாயங்காலம் ஐந்து மணிக்கு சூப்பர்வைசர் வந்து எடுத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு.

"ஏங்க. ரெண்டு மணி நேரம் இவள வச்சுக்கோங்க. நான் படுக்கணும்."

"இன்னும் ஆறு பேண்ட் இருக்கும்மா. சாயங்காலம் பாக்கலாமா?"

"சாயங்காலம் வரைக்கும் நான் இருப்பேனான்னு தெரியல."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவர் ஏதாவது பதில் சொல்லியிருப்பார். அவள் சொன்ன விதத்தில் அவர் மிஷினை நிறுத்திவிட்டார்.

"கைல வச்சா கத்துவாளே."

"துணில கட்டிக்கோங்க."

"நானா?" தையல்காரர் வாசலைப் பார்த்தார். தெருவில் யாரும் இல்லை. இருந்தாலும் குரலைத் தாழ்த்தினார். "கடைக்கு நாலு பேர் வந்து போற எடம்மா. ஆம்பள நெஞ்சுல துணியச் சுத்திக்கிட்டு..."

"திங்கக்கிழமை என்ன பண்றதா இருந்தீங்க?"

அந்தத் திங்கட்கிழமையை அவர் யோசித்தே பார்க்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. மெதுவாக எழுந்து, டேப்பைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, கையை விரித்துக்கொண்டு நின்றார். அவள் குழந்தையை எடுத்து மேசைமேல் இருந்த பேண்ட் துணிக்கட்டின் மேல் கிடத்தினாள். மேனேஜர் உடனே விழித்துக்கொண்டு முதல் எச்சரிக்கையை விட்டார். அவள் அவசரமாகத் தன்மேல் கட்டியிருந்த துணியை அவிழ்த்து அவர் நெஞ்சில் வைத்தாள். முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்த் தோள்வழி முன்னால் கொண்டுவந்தாள். மறுபடி பின்னால் கொண்டுபோனாள்.

முடிச்சுப் போடத் துணி இல்லை.

தையல்காரர் இருபது வருடம் உட்கார்ந்தே வேலை பார்த்தவர். அவர் வயிறும் கூடவே உட்கார்ந்து வளர்ந்திருந்தது. இரண்டு முனைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அவள் இழுத்தாள். அவர் மூச்சைப் பிடித்து வயிற்றை உள்ளே தள்ளினார். ஒரு சாண் நாலு விரலாகியது. "இப்ப, இப்ப கட்டு" என்று சொல்ல வாயைத் திறந்ததும் மறுபடி ஒரு சாண். வேறொரு நாளாக இருந்திருந்தால் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். மேனேஜர் வீறிட்டுக்கொண்டிருந்தார். அவள் இரண்டு முனையையும் கையில் பிடித்தபடி அவர் முதுகுக்குப் பின்னாலேயே நின்றாள்.

"ஏங்க, இந்தக் கடைக்கு யார் வந்தாலும் முதல்ல என்ன கேப்பீங்க?"

"என்ன கேப்பேன்?"

"யாருக்குன்னு கேப்பீங்க. கைக்குட்டைக்கு ஓரம் அடிக்கக் கொடுத்தாக்கூடக் கேப்பீங்க. யாருக்குன்னு தெரியாம இதுவரைக்கும் கத்தரி வச்சதில்ல நீங்க."

அவர் மேசைமேல் கிடந்த கத்தரியைப் பார்த்தார்.

"இதுக்கு ஏன் கேக்கல? கேக்கவே தோணல, இல்ல? இது எனக்குத்தான்னு உங்களுக்கு அவ்வளவு நிச்சயமாத் தெரிஞ்சிருக்கு."

அவள் துணியை உருவித் தன்மேல் கட்டிக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டே கட்ட வரும் அவளுக்கு. மேனேஜரை எடுத்து உள்ளே செருகினாள். அழுகை நின்றது. அதுதான் அவளை இன்னும் அழவைத்தது. படியேறிப் போய் அதே நாற்காலியில் உட்கார்ந்து, சத்தம் வராமல், மூக்கைச் சிந்தக்கூட எழுந்திருக்காமல் அழுதாள். கோபம் அவர்மேல் பாதி, தன்மேல் பாதி. கச்சிதமாக இருக்கிறது என்று அவளும்தானே சொன்னாள்.

கீழே கடையின் இரும்புக் கதவை இழுத்து மூடுகிற சத்தம் கேட்டது. கோபித்துக்கொண்டு போகிறார், போகட்டும் என்று நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் தலை சுவரில் சாய்ந்துவிட்டது.

அவர் வந்து நின்றபோது மணி ஒன்று. வேர்த்து வழிந்துகொண்டு, கையில் ஒரு பொட்டலத்தோடு நின்றார். பிரித்தார். பனியன் துணி, அதே மெத்து, அதே இழுவை, ஆனால் நல்ல தக்காளி நிறம்.

"வெட்டுன எடத்துல வேற துணிய ஒட்டுப்போட்டுத் தச்சிருக்கலாம். ஆனா தையல நம்பிப் பிள்ளையத் தொங்கவிட முடியாது. என் தையலாவே இருந்தாலும் முடியாது. அதான் மொத்த விலைத் துணிக்கடைக்குப் போனேன். இந்தத் தரத்துல இந்தக் கலர்தான் இருந்துச்சு" என்றார்.

"எத்தன மீட்டர்?"

"ஆறு." கொஞ்சம் தயங்கினார். "அங்கயே கட்டிப் பாத்துட்டுத்தான் வாங்கினேன். உள்ள ஒரு தலகாணிய வச்சு. கடைல இருந்த அத்தன பேரும் பாத்தாங்க. ஒருத்தன் போட்டோ எடுத்தான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தெம்பில்லாமல் உதடு மட்டும் கோணியது. எழுந்து நின்றாள். புதுத் துணியை அவர்மேல் சுற்றினாள். நெஞ்சு, முதுகு, தோள், மறுபடி பின்னால், மறுபடி முன்னால். இரட்டை முடிச்சுப் போட்ட பிறகும் இரண்டு பக்கமும் வால் தொங்கித் தரையைத் தொட்டது. மேனேஜரைத் தன் துணியிலிருந்து எடுத்து அதற்குள் மெல்ல இறக்கினாள். அவர் ஒரு கண்ணைத் திறந்து, புது அலுவலகத்தை ஒரு பார்வை பார்த்தார். தையல்காரர் மூச்சுக்கூட விடவில்லை. நெற்றி அவர் உதட்டுக்கு எட்டுகிறதா, மூக்கு தெரிகிறதா என்று அவள் குனிந்து பார்த்தாள். எட்டியது, தெரிந்தது. மேனேஜர் பெருமூச்சு விட்டுக் கண்ணை மூடினார்.

"மிஷின் பக்கம் போகக்கூடாது. இஸ்திரிப்பெட்டி பக்கம் கூடாது. கத்தரியத் தொடக்கூடாது. படில எறங்கும்போது வாலக் கைல பிடிச்சுக்கணும்."

"அப்ப நான் என்னதான் பண்றது?"

"நில்லுங்க. நடங்க. நல்லாத் தூங்குறதுக்கு முன்னால உக்காந்தா முழிச்சுக்குவா. நாப்பத்தொரு நாளா நான் அதான் பண்றேன்."

அவர் வாலைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, நிறைகுடம் சுமப்பவர்போல் இறங்கிப் போனார்.

அவள் கட்டிலில் படுத்தாள். முதுகு மெத்தையில் பட்டதும் எலும்பெல்லாம் நொந்தது. உடனே தூக்கம் வரவில்லை. மார்பின்மேல் பாரம் இல்லாதது என்னவோ மறந்து வைத்துவிட்டு வந்ததுபோல் இருந்தது. கை தானாகவே நெஞ்சைத் தடவிப் பார்த்தது. கீழே அவர் நடப்பது கேட்டது. கடையின் ஒரு கோடிக்குப் போய்த் திரும்பும் செருப்புச் சத்தம். திரும்பவும் அதே. அரைமணி நேரம் அப்படியே கிடந்தாள். பிறகு கதவுச் சத்தம் கேட்டது, கூடவே ஒரு தடித்த குரல். சூப்பர்வைசர். ஐந்து மணிக்கு வரச் சொன்னவர் அவசரப்பட்டு முன்னாலேயே வந்துவிட்டார்.

"என்ன மாஸ்டர், இதென்ன கோலம்? பேண்ட் ஆச்சா?"

"மெதுவாப் பேசுங்க சார், தூங்குறா. பதினாலு ஆச்சு. மிச்சம் நாளைக்குத் தர்றேன்."

"இன்னைக்குன்னு சொன்னீங்களே!"

"சொன்னேன். தப்பு என்னுதுதான். இன்னைக்கு முடியாது சார்."

சூப்பர்வைசர் முணுமுணுப்பது கேட்டது. பைக்குள் பதினாலு பேண்டையும் திணிப்பது கேட்டது. போகிற போக்கில் சும்மா போகாமல், "வால் தரையில இழுபடுது பாருங்க மாஸ்டர். ஒரு வெட்டு வெட்டி ஓரம் அடிச்சிடலாம்ல? உங்ககிட்ட இல்லாத கத்தரியா?" என்றார்.

செருப்புச் சத்தம் நின்றது. அவள் கண்ணைத் திறந்துகொண்டாள்.

"அத வெட்டக்கூடாது சார்" என்றார் தையல்காரர். "ரெண்டு பேர் கட்டுற துணி அது."

செருப்புச் சத்தம் மறுபடி தொடங்கியது. அவள் நினைத்த பக்கம் புரண்டு படுத்தாள்.