ஒரே ஒரு ஃபங்ஷன்

நாகூரில் மதியத் தொழுகை முடிந்து தெரு அடங்கியிருந்தது. மாடி அறையின் திரைச்சீலை கடற்காற்றில் ஊதி ஊதித் தணிந்தது. மடிக்கணினி முன்னால் நுஸைபா கண் சொருகிக் கிடந்தபோது போன் அடித்தது.

வலங்கைமான் பக்கத்து உழவர் குழுவின் செயலாளர் இசைவாணி. எந்த வாய்க்காலுக்கு எப்போது தண்ணீர் வரும் என்று காட்டும் வலைப்பக்கத்தை அந்தக் குழுவுக்கு நுஸைபாதான் செய்துகொடுத்திருந்தாள்.

“பக்கம் திறக்கவே மாட்டேங்குதும்மா. வெள்ளையா நிக்குது. முளைகட்டின விதையோட வரப்புல நிக்கிறேன்.”

“சிக்னல் எப்படிக்கா?”

“ஒரு கோடுதான். தெளிச்சப்புறம் தண்ணி வந்தா விதையெல்லாம் ஒரு மூலைக்குப் போயிடும். எங்க வயலு பள்ளம். மடையை அடைச்சாலும் ஏறிடும்.”

“லைன்லயே இருங்கக்கா.”

தகவல்களை வாய்க்கால் வாரியாகப் பிரிக்க, முந்தின நாள் யாரோ எழுதிவைத்த நிரல்களின் தொகுப்பான ஒரு ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியை நிறுவியிருந்தாள். வேண்டியது அதில் ஒரே ஒரு ஃபங்ஷன், ஒரு சின்ன நிரல்துண்டு. ஆனால் கோப்புகளை ஒன்றாகக் கட்டித்தரும் பண்ட்லர் முழு லைப்ரரியையும் சேர்த்துக் கட்டியிருந்தது. ஒரு கோடு சிக்னலில் அந்தக் கனம் இறங்கவில்லை. லைப்ரரியை வரவழைக்கும் இம்போர்ட் வரியைத் திருத்தி அந்த ஒன்றை மட்டும் கேட்டாள். மறுபடி கட்டினாள். கோப்பு இளைக்கவில்லை.

பிறகுதான் உறைத்தது. நிறுவியது லைப்ரரியின் பழைய வடிவம். அதில் வேண்டாததைக் கழிக்க பண்ட்லரால் முடியாது. அதை நீக்கிவிட்டு துண்டு துண்டாகப் பிரித்தெடுக்கக்கூடிய மாட்யூல் வடிவத்தை நிறுவினாள்.

நிறுவும் கோடு திரையில் மெல்ல ஊர்ந்தது. தர்கா புறாக்கள் எழும்பி வெயிலில் ஒரு வட்டம் போட்டன. போனில் தூரத்துக் கொக்கின் குரல். பார்த்தேயிராத அந்த வயல் அவளுக்குள் விரிந்தது: சமன் செய்த சேறு, அதில் ஒரு வானம், ஓரத்தில் கூடையோடு ஒரு பெண். விழித்துக்கொண்டுதான் இருக்கிறோமா என்று தோன்றியது.

கட்டி முடிந்தது. கோப்பு சுருங்கியிருந்தது. ஏற்றிவிட்டாள்.

“இப்ப திறங்கக்கா.”



“வந்துடுச்சு! அய்யய்யோ, இன்னிக்கே சாயங்காலமாமே? நாளன்னிக்குன்னுல்ல பேசிக்கிட்டாங்க!”

“தெளிச்சிட்டீங்களா?”

“இல்லம்மா. கையில அள்ளிக்கிட்டு நின்னேன். நிழல்ல பரப்பி வச்சிடுறேன்.”

பொழுது சாயும்போது இசைவாணி வீடியோவில் வந்தாள். போனை வாய்க்கால் பக்கம் திருப்பினாள். சருகுகளைத் தள்ளிக்கொண்டு, நுரையோடு, செம்பழுப்பாகத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. படம் அடிக்கடி உறைந்தது, சத்தம் நிற்கவில்லை.

கீழேயிருந்து உம்மா தேநீருக்குக் கூப்பிட்டார்.

“வர்றேன் உம்மா” என்றாள் நுஸைபா. எழுந்திருக்கவில்லை.